பொரிசட்டி ஒன்று, வாக்குறுதி இரண்டு

பிரிட்டனில் பப் என்றால் குடிக்கிற இடம் மட்டுமே என்றிருந்த காலம் போய், ஞாயிறு மத்தியானம் குழந்தை குட்டிகளோடு சாப்பிடப் போகிற இடமாக அது மாறிவிட்டபடியால், சைவ உணவுக்காரரும் கோதுமை ஒவ்வாத நோயாளியும் அங்கே சர்வசாதாரணமாக வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கென்று மெனுவில் சின்னச் சின்னக் குறிகள் அச்சிடப்படுவதும் வாஸ்தவமே. ஆனால் அந்தக் குறிகளுக்கும் சமையலறைக்கும் சம்பந்தமே இல்லாத பப்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உருளைக்கிழங்குச் சிப்ஸுக்கு எதிரே ‘சைவம்’ என்றும் ‘குளூட்டன் இல்லாதது’ என்றும் இரண்டு குறிகளைப் போட்டுவிட்டு, பியர் ஊற்றிக் கரைத்த கோதுமை மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் சிப்ஸையும் பொரித்து, இரண்டு குறிகளையும் ஒரே அரிகரண்டியால் பொய்யாக்கிவிடுகிறார்கள். கேட்டால், “எண்ணெய்ச் சூட்டில் எல்லாம் செத்துப்போகும்” என்று பதில் வருகிறது. கிருமி சாகலாம், குளூட்டன் கிருமியன்று. கோதுமையிலும் பார்லியிலும் ரையிலும் உள்ள புரதம் அது. சமையற்சூட்டில் அதன் தோஷம் நீங்குவதில்லை.

சீலியாக் என்னும் வியாதி பிரிட்டனில் நூற்றில் ஒருவருக்கு உண்டு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிற இந்நோய்க்கு மருந்து கிடையாது; ஆயுள் முழுவதும் பத்தியம் ஒன்றே உபாயம். ஆகையால், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லக்கூடாது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. இந்த வரையறை கடையில் விற்கும் பொட்டலத்துக்கு மட்டுமன்று, பப் தட்டில் வைத்துக் கொடுக்கும் உணவுக்கும் பொருந்தும். ரொட்டியை எடுத்துவிட்டுப் பர்கரைக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணை அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

சைவ விஷயத்தில் அலட்சியம் இன்னும் அதிகம். ‘சைவம்’ என்ற சொல்லுக்குப் பிரிட்டிஷ் சட்டத்தில் தனி வரையறை இல்லையென்றாலும், இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்லி உணவு விற்பது 1990-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. மாட்டெலும்புச் சாற்றில் செய்த வெங்காய சூப்பும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறையவைக்கப்படும் பர்மேசான் சீஸைத் தூவிய காளான் ரிசோட்டோவும், நெத்திலி கலந்த வூஸ்டர் சாஸ் ஊற்றிய சீஸ் டோஸ்டும், வாத்துக் கொழுப்பில் வறுத்த கிழங்கும் சைவக் குறியோடு மேஜைக்கு வருகின்றன. பீப்பாய் ஏல் பியரைத் தெளியவைக்க மரபாகச் சேர்க்கும் ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து வருவது. அதை ஒவ்வாமைப் பட்டியலில் காட்ட வேண்டியதில்லை என்று சட்டமே விலக்களித்திருப்பதால், சைவர்கள் அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். நம்மவர் சமைக்கும் இடங்களிலும் கவலை தீர்ந்துவிடாது. அரிசியும் உளுந்தும் குளூட்டன் அற்றவை என்ற தைரியத்தில் இட்லி தோசையோடு பரிமாறும் சாம்பாரில், கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் சாதுவாகக் கரைந்திருக்கிறது.

பப் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்துப் பதார்த்தங்களுக்குக் குறி போட்டு ஏமாற்றுவதைவிட, மூன்றை ஒழுங்காகச் செய்யுங்கள். சுபாவமாகவே கோதுமை சேராத கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும், அடுப்பில் சுட்ட முழுக்கிழங்கும், காய்கறி வறுவலும் சைவருக்கும் ஆகும், சீலியாக் நோயாளிக்கும் ஆகும். பொரிப்பதானால் தனிப் பொரிசட்டி வையுங்கள்; அதற்கு இடமில்லையென்றால் குறியை எடுத்துவிடுங்கள். டோஸ்டர், இடுக்கி, வெட்டும் பலகை, வெண்ணெய்க் கிண்ணம் ஆகியவையும் தனியாக இருக்க வேண்டும். ரொட்டித் தூள் பட்ட வெண்ணெய்க் கத்தி ஒன்றே மற்றச் சிரத்தையையெல்லாம் வீணாக்கிவிடும்.

அடுத்தது காகிதம், இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டிசம்பர் 2014 முதல் செலரி, கடுகு, எள், பால், முட்டை, குளூட்டன் தானியங்கள் உள்ளிட்ட பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தகவல் தரவேண்டியது கட்டாயம். வாயால் சொல்லலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், எங்கே கேட்க வேண்டும் என்ற அறிவிப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும். அரசின் உணவுத் தர முகமை தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் படிவத்தை எடுத்து, பதார்த்தங்களை ஒரு பக்கமும் பதினான்கு பொருள்களை மேலேயும் எழுதிக் கட்டங்களை நிரப்புங்கள். ‘குளூட்டன்’ என்று மொட்டையாக எழுதாமல் கோதுமையா, பார்லியா என்று தானியத்தின் பெயரையே குறியுங்கள். கிரேவி, சாஸ், பொரிமாவு ஒவ்வொன்றுக்கும் தனி வரி கொடுங்கள். கீழே தேதி போடுங்கள். சரக்குக்காரர் மாற்றுப் பொருள் அனுப்பிய அன்றே பட்டியலைத் திருத்துங்கள். பாதாம் தூளுக்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த மலிவுத் தூளை வாங்கி, அதைச் சாப்பிட்ட வாடிக்கையாளர் இறந்துபோனதற்காக வட யார்க்‌ஷயர் உணவக உரிமையாளர் ஒருவருக்கு 2016-இல் ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதை மறக்க வேண்டாம்.

சாப்பிடப் போகிறவர்களுக்கு: ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள். “இதில் குளூட்டன் உண்டா?” என்று மட்டும் கேட்டால், “இல்லையென்று நினைக்கிறேன்” என்றுதான் பதில் வரும். “ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டுங்கள், பொரிசட்டி தனியா?” என்று கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாசலில் ஒட்டியிருக்கும் ஐந்து மதிப்பெண் சுகாதாரத்துக்கானது. ஒவ்வாமைத் தகவல் சரியா என்பதை அது சொல்வதில்லை. பாலும் சேராதது என்று காட்டும் வீகன் குறியும் அப்படியே: பால் ஒவ்வாமைக்கு அது காப்பு அன்று. சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகிறவர்களும் உண்டு. பரிசோதனைகளெல்லாம் முடிந்து நோய் உறுதியாகும்வரை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.

ஏமாற்றப்பட்டால் வீட்டுக்கு வந்து நண்பர்களிடம் அங்கலாய்த்துக்கொள்வதோடு நின்றுவிடுகிற நம் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். மெனுவைப் புகைப்படம் எடுங்கள், ரசீதை வையுங்கள், நேரத்தையும், பரிமாறியவர் சொன்ன வார்த்தைகளையும் அன்றே எழுதுங்கள், மீதி உணவை எறியாதீர்கள். முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். பிறகு புகாரை அனுப்புங்கள். அனுப்ப வேண்டியது உங்கள் வீடு இருக்கும் ஊரின் கவுன்சிலுக்கன்று, அந்தப் பப் இருக்கும் ஊரின் கவுன்சிலுக்கு. சில கவுண்டிகளில் சுகாதாரத்தை மாவட்டக் கவுன்சிலும் விவரக் குறிப்புகளைக் கவுண்டியின் வணிகத் தர அலுவலகமும் கவனிப்பதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிற அதிகாரிகளும் உண்டு. அதற்கு இடங்கொடாமல், உணவுத் தர முகமையின் ‘உணவுப் பிரச்சினையைத் தெரிவிக்க’ என்ற பக்கத்தில் பப்பின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், உரிய அலுவலகம் எதுவென்று அதுவே காட்டும். ஸ்காட்லாந்தில் இந்த வேலைக்குத் தனி முகமை இருக்கிறது. புகாருக்கு எண் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

கவுன்சில் விசாரிக்குமேயன்றிப் பணம் வாங்கித் தராது. சொன்னபடி இல்லாத பொருளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பப்பிடமே எழுத்தில் கேட்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: வழக்கமான சோதனைக்கு முன்பே அதிகாரி வாசலுக்கு வருவதற்கு ஒரு புகாராவது வேண்டும். நீங்கள் எழுதாத புகார், அடுத்து அந்தச் சிப்ஸைச் சாப்பிடப்போகும் நோயாளிக்கு நீங்கள் செய்த துரோகமே.