ஸ்டியரிங் பொக்ஸ் ஆடினால் ஒட்டு வெல்டிங் போதாது

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ், வான், முச்சக்கரவண்டி மூன்றும் மோதி 7 பேர் உயிரிழந்த பிறகு மலையகம் முழுக்க பிரேக்கைப் பற்றியே பேச்சாக இருந்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் தோட்டத்து ஜீப்பின் ஸ்டியரிங் பொக்ஸ் எதில் பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஹட்டன், நுவரெலியா பக்கம் பழைய லேண்ட்ரோவர்களும் ஜீப்களும் இன்னும் ஓடுகின்றன. பெரிய டயர் போட்டு கல் ரோட்டில் இறக்கினால், சக்கரத்தில் விழும் ஒவ்வொரு அடியும் ஸ்டியரிங் பொக்ஸைத் தாங்கும் பிடிக்குத்தான் போய்ச் சேரும். இங்குள்ள மழையில் செசிக்குள் சேறு தங்கி, துரு உள்ளிருந்தே தின்னும். போல்ட் இளகும், துளை அகலும், பிறகு பிடி வெடிக்கும். அறுந்தால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் சொன்னபடி கேட்காது.

சோதிக்க இரண்டு பேர் போதும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்கட்டும்; மற்றவர் வெளியே நின்றபடி டோர்ச் அடித்து பொக்ஸைப் பார்க்கட்டும். உள்ளே தண்டு சுழலலாம். பொக்ஸ் செசியை விட்டுத் துளியும் நகரக்கூடாது. போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்து துருக்கோடு தெரிந்தாலும் வாகனத்தை எடுக்காதீர்கள்.

அவசரத்துக்கு வெடிப்பின் மேலேயே வெல்டிங் இழுத்துக் கொடுப்பது வழக்கம். அது மூடுகிற வேலை, திருத்துகிற வேலை அல்ல. பொக்ஸைக் கழற்ற வேண்டும். பெயின்டையும் துருவையும் சுரண்டி, வெடிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து அந்த முனையில் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் அது வெல்டிங்கைத் தாண்டி மறுபடி ஓடும். பிறகு வெடிப்பை வி வடிவில் தோண்டி, அடிவரை வெல்டிங் நிரப்பி, மேலே பலகை இரும்பு வைத்துப் பலப்படுத்த வேண்டும். துருவில் காகிதமாகிப்போன செசியில் பலகை ஒட்டிப் பயனில்லை. அந்தத் துண்டையே வெட்டி மாற்ற வேண்டும். போல்ட்டும் கடையில் கிடைத்தது என்று போடக்கூடாது. தயாரிப்பாளர் சொன்ன தரம் வேண்டும், தலையில் 8.8, 10.9 என்று அடித்திருப்பது அந்தத் தரம்தான். பொக்ஸின் வார்ப்பு உடம்பே வெடித்திருந்தால் வேறு பொக்ஸ் போடுங்கள்.

கிரைண்டர் வைக்கும் முன் செசி இலக்கத்தையும் தேடுங்கள். லேண்ட்ரோவர் டிஃபெண்டரில் அது வலப்பக்கச் செசியின் முன்புறத்தில் அடித்திருக்கும். நம் நாட்டு வாகனங்களுக்கு ஸ்டியரிங் பொக்ஸும் அதே பக்கம். இலக்கம் அழிந்தால் வாகனத்தை விற்கப் போகும்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர், வேலை செய்த பாஸ் இல்லை. வேலைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள்.

பாஸிடம் பில் கேட்பது சண்டை பிடிப்பது அல்ல. என்ன கழற்றினார், என்ன மாற்றினார், எத்தனை ரூபாய் என்று திகதியோடு எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வேலை சரியில்லை என்றால் 3 மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். நாள் தவறினால் சிக்கல். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

தோட்டத்துச் சாரதிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "ஸ்டியரிங் ஆடுது தொரை" என்று வாயால் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. திகதி போட்டு எழுதிக் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே ஓட்டினால் வழக்கில் நீங்களும் மாட்டுவீர்கள். வேலையில் காயம்பட்டால் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். 1934இலிருந்தே இருக்கும் சட்டம் அது. விபத்துக்குப் பிறகு பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.