இதமான ஒலியும் இணையின் பொருத்தமும்

வீட்டில் இசை கேட்போர், ஓர் அம்பிளிபயரின் ஒலி ‘இதமானது’ என்றும் மற்றொன்றினது ‘வறண்டது’ என்றும் கூறுவர். இவ்வேறுபாடு வெறும் மனமயக்கன்று. அளந்தறியத்தக்க காரணங்கள் இரண்டு அதற்கு உள.

முதலாவது மேற்றொனி. எளிய வால்வு அமைப்புக்கள் சிறிதளவு ஒலித்திரிபை விளைவிக்கின்றன. அத்திரிபில் மேலோங்குவது மூலச் சுரத்தின் இருமடங்கு அதிர்வெண். சட்சமத்திற்கு அது தாரஸ்தாயிச் சட்சமமே ஆதலின், செவியை உறுத்துவதில்லை.

இரண்டாவது அம்பிளிபயரின் அகத்தடை. 8 ஓம் எனக் குறிக்கப்பெற்ற ஸ்பீக்கரின் தடங்கல், தாழ்சுரப் பரிவின்போது 30 ஓம் வரை உயரலாம். அகத்தடை 2 ஓமாயின், அவ்விடத்தே ஒலி ஏறக்குறைய 1.4 தெசிபெல் மிகும். மிருதங்கத்தின் தொப்பி நிரம்பி ஒலிக்கும். அகத்தடை மிகக் குறைந்த திரான்சிற்றர் அம்பிளிபயரில் இம்மிகை தோன்றாது.

ஆகவே, இதம் அம்பிளிபயரின் தனிக்குணமன்று, இணையின் குணமாகும். தாழ்சுரம் ஏற்கனவே மிகுந்த ஸ்பீக்கரோடு அத்தகைய அம்பிளிபயரைச் சேர்ப்பின் ஒலி கலங்கும்.

வலுவும் நோக்கற்பாலது. 1953இல் இங்கிலாந்தில் வெளிவந்த குவாட் 2 என்னும் வால்வு அம்பிளிபயர் தந்தது 15 உவாற்றே. ஓர் உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 90 தெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கு அது இல்லத்திற் போதும். 84 தெசிபெல் தருவதற்கோ, அதே உரப்பைப் பெற 60 உவாற்று வேண்டும்.

எனவே, ஸ்பீக்கரையும் அறையையும் முதலில் ஆராய்ந்து, பின்னரே அம்பிளிபயரைத் தெரிதல் முறை. பழகிய குரலொன்றை இரு அம்பிளிபயர்களிலும் சம உரப்பிற் கேட்டு ஒப்பிடல் வேண்டும்; உரத்ததே இனிதெனச் செவி மயங்குதல் இயல்பு. விலையும் வால்வின் செவ்வொளியும் அத்தீர்ப்புக்குச் சான்றாகா.