பவுண்டரிக்கு வெளியே நிற்கும் குரல்

சனிக்கிழமை இரவு அஜ்மானில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் சிறுவர் கிரிக்கெட் ஆட்டம் எதையும் ஓரமாக நின்று பத்து நிமிடம் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மட்டை பிடித்திருக்கும் பையன் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் தலையைத் திருப்பி பவுண்டரிக் கயிற்றைப் பார்க்கிறான். அங்கிருந்து குரல் வருகிறது: "காலை முன்னாடி வை", "இந்த ஓவர் அடிக்காதே." பந்துவீசும் அணியிலும் இதே கதைதான். கேப்டன் என்று பெயர் வாங்கிய பதினொரு வயதுப் பையன் நடுவில் சும்மா நிற்க, மிட் ஆன் எங்கே நிற்க வேண்டும், அடுத்த ஓவர் யாருக்கு என்பதையெல்லாம் பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்திச் சொல்கிறார். போதாததற்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனாலும் ஆட்டம் தொடங்கிய பிறகு அந்தக் குரல் நிற்க வேண்டும் என்பதே என் கட்சி. வலைப்பயிற்சியில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். திடலுக்குள் போனபின் முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், அது தப்பான முடிவாகவே இருந்தாலும்.

வளைகுடாவில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஊரில் வளர்ந்த தலைமுறைக்கு முடிவெடுக்கக் கற்றுக் கொடுத்தது தெரு. யார் முதலில் மட்டை பிடிப்பது, எந்த வீட்டுச் சுவரைத் தாண்டினால் அவுட், ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் உண்டா இல்லையா என்று விதி முதல் தீர்ப்பு வரை எல்லாம் பிள்ளைகள் கையில்தான் இருந்தன. பெரியவர் யாரும் அங்கே இல்லை. மேற்கு மாம்பலத்தில் அப்படி ஆடி வளர்ந்த அஸ்வின், 2024இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதைக்குத் தலைப்பிலேயே தெருவை வைத்திருக்கிறார். ஏழு எமிரேட்டுகளில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். வாடகை கட்டுப்படியாகிறது என்பதால் துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்க்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடியிருக்கின்றன. அடுக்குமாடியில் வளரும் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு கிடைப்பதில்லை. பள்ளிப் பேருந்து, டியூஷன், அப்பாவின் கார், அகாடமி என்று போகிறது வாரம். வருடத்தில் பல மாதம் வெயில் பகலில் வெளியே விடாது. ஆக, பெரியவர் தலையீடு இல்லாமல் ஒரு பிள்ளை தானாக முடிவெடுத்து அதன் பலனைத் தானே அனுபவிக்கக் கிடைக்கும் இடம் வாரம் ஒருமுறை நடக்கும் அந்த ஆட்டம் ஒன்றுதான். அதையும் நாம் எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

இந்த விஷயத்தில் நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது பேஸ்பால். 2025 நவம்பரில் துபாயில் மும்பை, கராச்சி பெயர்களைத் தாங்கிய அணிகளோடு ஒரு பேஸ்பால் லீக்கே தொடங்கிவிட்டதால் அந்த விளையாட்டு நமக்கும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. அதில் அணியின் மேலாளரே வீரர்களைப் போலச் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் தளத்துக்கு அருகில் நிற்கும் பயிற்சியாளர் தொப்பியைத் தொட்டு, மார்பைத் தடவி, இடுப்புப் பட்டையைத் தட்டி ஓடு, நில், மெல்லத் தட்டு என்று சைகை காட்டுவார். சிறுவர் ஆட்டங்களில்கூட, எந்த வகைப் பந்தை எறிவது என்பதை வெளியிலிருந்தே சொல்வதும், மணிக்கட்டில் கட்டிய எண் அட்டையைப் பார்த்துப் பிள்ளை அதன்படி எறிவதும் அங்கே சாதாரணம். கிரிக்கெட் அப்படி அமைந்த ஆட்டம் இல்லை. அது கேப்டனின் ஆட்டம். 1999 உலகக் கோப்பையில் ஹோவ் நகரில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு பயிற்சியாளர் பாப் உல்மரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே அதைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு ஐசிசி தடையே போட்டது. உலகக் கோப்பையில் பெரியவர்களுக்கு வேண்டாம் என்று தள்ளியதைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கருவி இல்லாமல், தொண்டையாலேயே செய்துகொண்டிருக்கிறோம்.

கத்துவதால் பயன் உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினான்கு வயதுப் பையன் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து மட்டைக்கு வர ஏறக்குறைய முக்கால் நொடி ஆகும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் காதை எட்டவே 0.15 நொடி வேண்டும். அதற்கு முன்னால் அவர் பந்தைப் பார்த்து, புரிந்து, வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பின்னால் பையன் கேட்டு, புரிந்து, காலை நகர்த்த வேண்டும். குரல் வந்து சேரும்போது பந்து கீப்பரிடம் போயிருக்கும். சரி, பந்துக்குப் பந்து இடைவெளியில் சொல்லலாமே என்றால், அதில்தான் உண்மையான சேதம். அடுத்த பந்துக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய அந்த அரை நிமிடத்தில் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கப் பழகுகிறான்.

2022 அக்டோபர் 23, மெல்போர்ன். பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்குக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. முந்தைய பந்தில்தான் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகிப் போயிருந்தார். அரங்கில் 90,000 பேருக்கு மேல். புதிதாக வந்து நின்ற அஸ்வினுக்கு நவாஸ் வீசிய பந்து லெக் பக்கம் விலகியது. எவரும் மட்டையை விட்டிருப்பார்கள். அஸ்வின் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தைப் போக விட்டார். வைடு. ரன் சமமானது. அடுத்த பந்தை மிட் ஆஃபுக்கு மேலே தூக்கிவிட்டு ஜெயித்துக் கொடுத்தார். பந்து கையை விட்டு வந்தபின் எடுத்த முடிவு அது. எந்தப் பயிற்சியாளராலும் வெளியிலிருந்து சொல்லியிருக்க முடியாது. அந்த நிதானம் பல ஆண்டுகள் தானே முடிவெடுத்து, தானே தப்புப் பண்ணி வந்தது.

இதை அனுபவ ஞானம் என்று மட்டும் ஒதுக்க வேண்டாம். ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. உடல் திறன் கற்றல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவர் 1984இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது ஆட்டம் நன்றாக இருக்கும். சொல்வதை நிறுத்தியதும் சரிந்துவிடும். ஊன்றுகோலை நம்பி நடந்த கால் அது. 1994இல் கல்லூரி பேஸ்பால் வீரர்கள் 30 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு மூன்று வகைப் பந்துகளையும் வகைவாரியாக வரிசையாக எறிந்தார்கள். அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னொரு குழுவுக்குக் கலந்து எறிந்தார்கள். ஒவ்வொரு பந்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து, எது வரும் என்று தெரியாத சோதனையில் முதல் குழு 25 சதவீதம் முன்னேறியது, இரண்டாவது குழு 57 சதவீதம். அது பயிற்சி பற்றிய சோதனைதான். ஆட்டத்தை அப்படியே அதில் அளக்க முடியாது. ஆனால் முடிவெடுக்கும் சுமையைச் சுமந்தவன்தான் அதிகம் கற்றான் என்பது அதில் தெளிவு.

எதிர்ப்புகளில் வலுவானது முதலாவது: சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? இதற்குத் தமிழர்களுக்குப் பதில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சதுரங்கப் போட்டிக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அறைக்கதவு சாத்தப்படுகிறது, பெற்றோர் வெளியே. உள்ளே அந்தப் பிள்ளை மணிக்கணக்கில் ஒவ்வொரு நகர்வையும் தனியே முடிவெடுக்கிறது. வாயசைத்தால்கூட விதிமீறல். அப்படித் தனியே உட்கார்ந்து பழகிய சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனான். பயிற்சியாளர் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். சதுரங்கத்தில் பிள்ளை ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிக்கொள்கிறது. ஆட்டம் முடிந்ததும் குருவோடு உட்கார்ந்து, இங்கே ஏன் குதிரையை நகர்த்தினாய் என்று ஒவ்வொன்றாகப் பேசுகிறார்கள். கற்பிக்கும் வேலை முழுக்க ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கிறது. கிரிக்கெட் பயிற்சியாளரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பேசாமல் உட்கார்ந்து, கத்த நினைத்ததையெல்லாம் எழுதி வைத்தால் போதும். ஆட்டத்துக்குப் பின் பேச அதைவிட நல்ல பாடத்திட்டம் இருக்காது.

அடுத்தது கட்டணம். காசு கட்டுகிறோம், பயிற்சியாளர் சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படி என்று பெற்றோர் கேட்பார்கள். தோற்றால் பிள்ளைகள் வேறு அகாடமிக்குப் போய்விடும் என்று பயிற்சியாளர் பயப்படுவார். பயம் நியாயமானதுதான். ஆனால் பத்து வயதில் வெளிக்குரலால் ஜெயித்த கோப்பை பதினெட்டு வயதில் எதற்கும் உதவாது. இதே நாட்டுக்கு ஆடிய கார்த்திக் மெய்யப்பனையும் விருத்யா அரவிந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சென்னையில் பிறந்து அமீரகத்தில் ஆடியவர்கள். 2022 அக்டோபர் 18 அன்று ஜீலாங்கில் இலங்கைக்கு எதிராக மெய்யப்பன் ஹாட்ரிக் எடுத்தார்: ராஜபக்ச, அசலங்க, ஷனக. நடுவிலிருந்த அசலங்கவின் கேட்சைப் பிடித்தது கீப்பர் விருத்யா. ஷனகவை ஏமாற்றியது கூக்ளி. அமீரகம் அன்று 79 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் அந்த ஓவரை யாரும் மறக்கவில்லை. லெக் ஸ்பின்னருக்கு அடுத்த பந்து எது என்பதே பாதி ஆட்டம். அதைக் கேட்டுக் கேட்டு வீசிய பையன் அந்த இடத்துக்குப் போக முடியாது.

பிள்ளை கையில் விடக் கூடாதவையும் உண்டு. அதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. வெயிலில் தண்ணீர் இடைவேளை, ஹெல்மெட், வலியோடு வீசுவது, ஒரு வேகப்பந்து வீச்சாளன் எத்தனை ஓவர் வீசலாம் என்பவை பெரியவர் முடிவுகள். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீக்கிலும் 2007 முதல் எண்ணிக்கை வரம்பு உண்டு: ஒரு நாளில் 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12 வயதுக்கு 85. பிள்ளை இன்னும் எறிகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். உடம்பைக் காப்பது பெரியவர் பொறுப்பு. ஆட்டத்தின் போக்கு பிள்ளைகளுடையது. அதையும் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்க வேண்டியதில்லை. எட்டு வயதில் ரன் ஓடும் அழைப்பு அவர்களுடையதாக இருக்கட்டும்; பத்தில் பந்துவீசுபவன் தன் ஃபீல்டிங்கைத் தானே வைக்கட்டும்; பன்னிரண்டில் கேப்டன் ஓவர்களைத் தானே பங்கிடட்டும்; பதினான்கில் டாஸ் ஜெயித்தால் என்ன செய்வதென்றும் அணியே பேசி முடிவு செய்யட்டும்.

அஜ்மானில் அகாடமி நடத்துபவர்களுக்கும், சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப் போகும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் இருபது ஓவரும் வாய் திறக்காமல் பாருங்கள். கைதட்டலாம், அதற்குத் தடையில்லை. காரில் திரும்பும்போது எத்தனை ரன் எடுத்தாய் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பதினேழாவது ஓவரை ஏன் அவனுக்குக் கொடுத்தாய் என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.