கிளி கொத்துகிறதா? பருவம் அறிந்து பராமரிப்போம்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நம் வீடுகள் சிலவற்றில் காக்டெயில், லவ் பேர்ட்ஸ், கன்யூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகள் வளர்கின்றன. தை, மாசி வந்தால் பெற்றோர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், தோளில் உட்கார்ந்து விளையாடிய கிளி இப்போது பிள்ளைகளைக் கொத்துகிறதே!" சிலர் அடிக்கிறார்கள், சிலர் பட்டினி போடுகிறார்கள்.

அது கெட்ட குணமல்ல, இனப்பெருக்கப் பருவம். பகல் வெளிச்சம் நீள்வது, சத்துள்ள உணவு தாராளமாகக் கிடைப்பது, கூடு போன்ற இருட்டு மறைவிடம், முதுகில் வருடுவது ஆகியவை பறவையின் ஹார்மோன் சுரப்பைத் தூண்டுகின்றன. உடனே கூண்டையும், தான் துணையாகக் கருதும் ஒருவரையும் காக்க மற்றவர்கள் மீது பாய்கிறது.

சில ஆண்டுகளாக ரமளானும் இந்த மாதங்களை ஒட்டியே வருகிறது. ஸஹருக்கு எரியும் விளக்கு தராவீஹ் முடிந்து வெகுநேரம் கழித்தே அணைகிறது. பறவைக்கு அது முடியாத பகல். ஆகவே கூண்டை அமைதியான அறைக்கு மாற்றி, காற்றோட்டம் விட்டுத் துணியால் மூடி, 10 முதல் 12 மணி நேரம் இருளில் தூங்க விடுங்கள்.

பானை, அட்டைப்பெட்டி, கண்ணாடி ஆகியவற்றைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வேகவைத்த, ஊறவைத்த மென்மையான தீனியைக் குறையுங்கள். வழக்கமான தீனியும் தண்ணீரும் குறையக் கூடாது. தலையை மட்டும் தடவுங்கள். கடித்து விளையாட மரத்துண்டு கொடுங்கள். வாலை விசிறிபோல் விரித்தால், பிடரி இறகு சிலிர்த்தால் கையை நீட்டாதீர்கள், குச்சியில் ஏற்றுங்கள். சில வாரங்களில், இன்ஷா அல்லாஹ், பழைய குணம் திரும்பும். பெண் பறவை இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கிளிகளுக்கு. பனைப் பொந்திலிருந்து எடுத்து விற்கப்படும் நம் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்தபோது தாய்ப்பறவை தவித்தது. குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூதாவூதில் காண்கிறோம்.

அதே நபி (ஸல்) அவர்கள், சிறுவர் அபூ உமைரிடம் அவர் வளர்த்த சிட்டைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பறவை வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். ஆனால் பூனையைக் கட்டிவைத்துத் தீனி கொடுக்காத பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கூண்டிலுள்ள உயிர் நம்மிடம் உள்ள அமானிதம். அதன் பருவத்துக்கு ஏற்ப வீட்டு வழக்கத்தை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்ட அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.