கியர் யார் கையில்?

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலையில் 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவுநேரக் கார் பந்தயம் தொடங்கியது. அடுத்த ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இவற்றுக்குப் பிறகு வேகக் கார்கள் பற்றிய பேச்சு நம் இளைஞர்களிடையே பெருகியிருக்கிறது. அப்பேச்சில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்போர்ட்ஸ் காரில் மேனுவல் கியரைத் தேர்ந்தெடுப்பதா, தானியங்கி கியரைத் தேர்ந்தெடுப்பதா?

"மேனுவல்தான் வேகம், தானியங்கி என்பது ஓட்டத் தெரியாதவர்களுக்கானது" என்பது பரவலான கருத்து. ஆனால், சென்னையில் ஓடிய ஃபார்முலா-4 கார்களிலும், துபாயில் அஜித்குமார் அணி ஓட்டிய போர்ஷே காரிலும், கையால் தள்ளி மாற்றும் கியர்த்தண்டு கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் விசையை விரலால் இழுத்தால் கியர் மாறிவிடும். ஓடும்போது கிளட்ச்சை மிதிக்க வேண்டியதில்லை. எந்தக் கியர், எப்போது என்ற முடிவு மட்டுமே ஓட்டுநருடையது. செய்து முடிப்பது இயந்திரம்.

இதன் அடிப்படை எளிது. எந்த எஞ்சினும் எல்லாச் சுழற்சி வேகத்திலும் ஒரே வலுவைத் தருவதில்லை. நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள் என்ற ஒரு வரம்புக்குள்தான் அதன் முழு வலுவும் கிடைக்கும். சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து பெருவேகம் வரை சுழல வேண்டும். இவ்விரண்டையும் பொருத்தி வைப்பது கியர்ப்பெட்டி. மேனுவலில் கியரை மாற்றும் ஒவ்வொரு முறையும், கிளட்ச் மிதிபடும் அந்தக் கணத்தில் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போவதில்லை. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரானாலும் அந்த இடைவெளியை முற்றிலும் தவிர்க்க முடியாது.

இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்ப்பெட்டி இந்த இடைவெளியைத்தான் ஒழித்தது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்ச்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொன்றிலும் இணைந்திருக்கும். மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது ஆயத்தமாகிவிடும். ஒரு கிளட்ச் விடுபடும்போதே மற்றொன்று பற்றிக்கொள்கிறது; விசை அறுபடுவதில்லை.

ஃபார்முலா-1 பந்தயத்தில் முதல் திருப்பம் 1989ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. விரல் விசையால் கியர் மாற்றும் ஃபெராரி 640 கார், பிரேசிலில் தான் இறங்கிய முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் ஓட்ட, வெற்றி பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் கியர்த்தண்டு அந்தக் களத்திலிருந்தே மறைந்தது. நம் கோவை நரேன் கார்த்திகேயன் தொடக்க நாள்களில் ஓட்டியது, மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார். அவரே 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா-1 ஓட்டுநராகக் களமிறங்கியபோது, கியர் மாற்றும் வேலை விரல் நுனிக்கு வந்திருந்தது. வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் இந்த வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்பு தானியங்கிக்குச் சாதகமானது.

ஆயினும் சந்தை வேறொன்றும் சொல்கிறது. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதை அவர்கள் சொல்வதிலிருந்து அல்லாமல், பணம் கொடுத்து வாங்குவதிலிருந்து அறிய வேண்டும் என்பது பொருளியலில் "வெளிப்பட்ட விருப்பம்" எனப்படும். போர்ஷே நிறுவனம் 2013இல் தன் 911 ஜிடி3 காரைத் தானியங்கி கியருடன் மட்டுமே வெளியிட்டது. 2016இல் மேனுவல் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் காரை 991 எண்ணிக்கையில் செய்தது. விரைவிலேயே அது பழைய கார் சந்தையில் புதுக் கார் விலையைக் காட்டிலும் மிக அதிகமாக விலைபோனது. மறு ஆண்டே ஜிடி3 காரில் மேனுவலும் திரும்ப வந்தது.

இத்தகைய சோதனை நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தடமும் ஹூண்டாய் தொழிற்சாலையும் அருகருகே இருக்கின்றன. அந்நிறுவனத்தின் ஐ20 என் லைன், ஸ்போர்ட்ஸ் கார் அன்று; அதன் சாயலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலையில் தரும் கார். 2021இல் அறிமுகமானபோது அதில் இரட்டைக் கிளட்ச் தானியங்கியும், கியர்த்தண்டு இருந்தும் கிளட்ச் மிதி இல்லாத ஓர் இடைவழி ஏற்பாடும் இருந்தன. 2023இல் இடைவழி நீக்கப்பட்டு, கிளட்ச் மிதியுடன் கூடிய முழு மேனுவல் அந்த இடத்துக்கு வந்தது, தானியங்கி தொடர்ந்தது. உழைப்பை மிச்சப்படுத்த நினைப்பவர் முழுவதையும் மிச்சப்படுத்தவே விரும்புகிறார். உழைப்பில் இன்பம் காண்பவரோ அதில் பாதியை விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை.

கியர்த் தேர்வு என்பது உண்மையில், நம் கவனத்தை எங்கே செலவிடுவது என்ற தேர்வுதான். பணத்தைப் போலவே கவனமும் வரம்புக்குட்பட்டது. நான் வசிக்கும் ரமணாசிரமம் பகுதியில், பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் செங்கம் சாலையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வரும் மக்கள் திரளுக்கும் பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும். அங்கே ஓட்டுநரின் கண், குறுக்கே வரும் முதியவர் மீது இருக்க வேண்டும். கிளட்ச்சுக்குச் செலவாகும் கவனம் வீண். மாருதி செலேரியோ 2014இல் குறைந்த விலையில் தானியங்கி கியரைக் கொண்டுவந்தபோது, மூட்டுவலி உள்ளவர்களுக்கும் புதிதாக ஓட்டுவோருக்கும் அது பெரும் நன்மையாயிற்று.

ஸ்போர்ட்ஸ் காரில் கணக்கு தலைகீழாகிறது. அதை வாங்குபவர் பயணத் தேவைக்காக வாங்குவதில்லை. ஓட்டும் அனுபவத்துக்காகவே வாங்குகிறார். அதன் உச்ச வேகத்தை நம் சாலைகளில் சட்டப்படி பயன்படுத்தவும் முடியாது. பயன்படுத்த முடியாத அரை நொடிக்காகக் கியர் மாற்றும் இன்பத்தை இழப்பது, கூடுதல் விலை கொடுத்துக் குறைவான பொருளை வாங்குவதற்கு ஒப்பாகும். ஆகவே, அன்றாடப் பயணத்துக்குத் தானியங்கியும், விடுமுறைக் காலை ஓட்டத்துக்கு மேனுவலும் என்பதே பகுத்தறிவுக்கு உகந்த தேர்வு. தடத்தில் நேரத்தை அளந்து போட்டியிடுபவருக்கும், ஒரே காரை நகர நெரிசலிலும் ஓட்ட வேண்டியவருக்கும் தானியங்கியே ஏற்றது. ஆனால், இந்தத் தேர்வும் சுருங்கி வருகிறது. 2025இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரில் மேனுவல் இல்லவே இல்லை.

இன்பத்தைக் காட்டிலும் முக்கியமான ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. அருகே 14 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏலகிரி. நாமக்கல் மாவட்டத்தில் 70 வளைவுகளுடன் கொல்லிமலை. மலையிறங்கும்போது குறைந்த கியரில் வைத்து, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். மேனுவலில் பழகியவருக்கு இது பாலபாடம். தானியங்கியை மட்டுமே அறிந்தவர் 'டி' என்ற நிலையிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்துகிறார். கியரைத் தாமே குறைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான தானியங்கிகளில் உண்டு. அது எதற்காக என்பது பலருக்குச் சொல்லித்தரப்படுவதில்லை.

பிரிட்டனில் தானியங்கிக் காரில் தேர்வெழுதி உரிமம் பெற்றவர், மேனுவல் காரை ஓட்ட முடியாது. நம் நாட்டில் இலகுரக வாகன உரிமத்தில் அந்தப் பிரிவினை இல்லை. உரிமத்தைப் பிரிக்க வேண்டும் என்பது என் வாதமன்று. ஆனால், எந்தக் காரில் பயின்றாலும், சரிவில் கியரைக் குறைத்து இறங்குவதை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வில் அதற்கொரு கேள்வியேனும் இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே அமையும். மலைப்பாதையில் இறங்கும் தருணமோ கார் ஓட்டும் எல்லோருக்கும் ஒருநாள் வரும். கியரை மாற்றும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அது ஏன் மாறுகிறது என்ற அறிவை ஒப்படைக்கக் கூடாது.