இரண்டு பெங்குவின்களின் முகவரி

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற பெட்டி, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல். பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு அது ‘லிட்டில் மாஸ்டர்’ என்றோ ‘மீடியா’ என்றோ அறிமுகமானது. கூடவே ஒரு கேசட். அதன் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். செருகினால் ஆட்டங்களின் பட்டியல் திரையில் ஓடும். அவற்றில் ஒன்றில் இரண்டு பெங்குவின்கள் வரும். வலப்பக்கம் அழுத்தினால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் நகரும். சிலந்தி வலையில் மாட்டாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் மேலே இருக்கும் இதயத்திடம் சேர்க்க வேண்டும். ஆட்டம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தெரியும். அதைச் செய்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது யாருக்கும் தெரியாது. நகலெடுத்தவர்கள் முகப்புத் திரையிலிருந்த நிறுவனப் பெயரைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். ஆட்டத்தின் பெயர் ‘பைனரி லேண்ட்’. ஃபேமிகாமுக்கு அதை 1985இல் வெளியிட்டது, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரத்தில் இருந்த ஹட்சன் சாஃப்ட். ஒரு பொருளைக் காப்பது பாதி வேலைதான். அது எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்த வடிவில் வந்தது என்ற பதிவைக் காப்பது மறுபாதி. இரண்டாவது பாதி போனால் முதல் பாதிக்கும் மதிப்பு குறைகிறது. இதைப் புரிந்துகொள்ள அரியலூர், பெரம்பலூர் மண்ணைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஹட்சன், பெரிய முதலாளிகள் தொடங்கிய நிறுவனம் அல்ல. 1973இல் யூஜி, ஹிரோஷி என்ற குடோ சகோதரர்கள் அமெச்சூர் வானொலிக் கருவிகள் விற்கத் திறந்த கடை அது. ரயில் என்ஜின்கள் மீதிருந்த பிரியத்தால், ஹட்சன் என்றழைக்கப்படும் நீராவி என்ஜின் வகையின் பெயரைக் கடைக்கு வைத்தார்கள். வீட்டுக் கணினிகள் வந்தபோது அவற்றுக்கான ஆட்டங்களை ஒலிநாடாவில் பதிந்து விற்றார்கள். 1984 ஜூலையில், நின்டெண்டோவின் கருவிக்கு ஆட்டம் வெளியிட்ட முதல் வெளி நிறுவனமானார்கள். ‘நட்ஸ் அண்ட் மில்க்’, ‘லோட் ரன்னர்’ என்று தொடங்கி ‘பாம்பர்மேன்’, ‘ஸ்டார் சோல்ஜர்’, ‘அட்வென்ச்சர் ஐலேண்ட்’ என்று பட்டியல் வளர்ந்தது. இந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் நம்மூர்க் கேசட்டுகளில் இருந்தவை. 2012 மார்ச் 1 அன்று கொனாமி நிறுவனத்தில் கரைக்கப்பட்டு ஹட்சன் இல்லாமல் போனது.

இந்தப் பட்டியலை முழுதாக விரித்துவைத்துப் பார்த்தால்தான் சில விஷயங்கள் பிடிபடும். ஃபேமிகாம் பாம்பர்மேனின் ஐம்பது நிலைகளையும் முடித்தால், குண்டு வைக்கும் அந்த இயந்திர மனிதன் நிஜ மனிதனாக மாறுகிறான். மாறியவன் வேறு யாருமல்ல, லோட் ரன்னர் ஆட்டத்தின் நாயகன். ஒரே நிறுவனம் தன் இரண்டு ஆட்டங்களைக் கதையால் முடிச்சுப் போட்டிருக்கிறது. லோட் ரன்னரோ ஜப்பானில் பிறந்ததே அல்ல. அமெரிக்காவில் டக்ளஸ் ஸ்மித் எழுதி 1983இல் புரோடர்பண்ட் வெளியிட்டது, ஹட்சன் உரிமம் வாங்கிக் கொண்டுவந்தது. அட்வென்ச்சர் ஐலேண்டில் தொப்பி போட்டுக்கொண்டு கல்கோடரி வீசி, பழம் தின்று, ஸ்கேட்போர்டில் ஓடும் ஆள், ஜப்பானியப் பதிப்பில் ஹட்சனில் வேலை பார்த்த தகாஹாஷி என்ற உண்மையான மனிதர். பொத்தானை நொடிக்கு 16 முறை அழுத்துவார் என்று அந்நாட்டுச் சிறுவர்களிடம் புகழ்பெற்றவர். அந்த ஆட்டமே சேகா நிறுவனத்தின் ‘வொண்டர் பாய்’ ஆட்டத்தின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் ஒரே குழுவின் படைப்பு; நாயகனின் உரிமை சேகாவிடம் இருந்ததால் ஹட்சன் வேறு நாயகனைப் பொருத்தியது. உயிரினங்களுக்கு இருப்பதுபோல ஆட்டங்களுக்கும் மரபுவழி உண்டு. பட்டியல் இல்லாதவருக்கு இந்த உறவு எதுவும் தெரியாது. தனித்தனியாக நாலு பொம்மைகள் ஓடுவது மட்டும் தெரியும்.

இந்த ஆட்டங்களின் அளவைப் பார்த்தால் இவற்றைச் செய்தவர்கள் மீது மரியாதை கூடும். அக்காலத்து எளிய கேசட் ஒன்றில் நிரலுக்கு அதிகபட்சம் 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். ஆக மொத்தம் 40. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு. படங்கள் எல்லாம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களால் ஆனவை. கட்டத்துக்கு 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கில் ஒரு நிறம் என்பதால் 2 பிட். கணக்குப் போட்டால் கட்டம் ஒன்றுக்கு 16 பைட், 8 கிலோபைட்டில் 512 கட்டங்கள். மரம், சுவர், எதிரி, எழுத்து, எண், நாயகனின் நடை, சாவு எல்லாவற்றையும் இந்த 512 கட்டங்களுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். நின்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ’வில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. கருவியின் வேலை நினைவகமோ வெறும் 2 கிலோபைட். இந்த நெருக்கடிக்குள் இரண்டு பெங்குவின்களை எதிரெதிராக நடக்கவிட்டது சாமர்த்தியமான முடிவு. ஒரே பொத்தான் அழுத்தத்தைப் படித்து, ஒன்றுக்குக் கூட்டி மற்றதற்குக் கழித்தால் போதும். மிகச் சின்ன நிரலிலிருந்து மனத்தைத் திணறடிக்கும் புதிர் கிடைத்துவிடுகிறது.

சரி, 9999 ஆட்டங்கள் எப்படி ஒரு கேசட்டில் அடங்கின? அடங்கவில்லை. ஒரு மெகாபைட் சிப்பில் 40 கிலோபைட் ஆட்டம் 25தான் கொள்ளும். ஃபேமிகாமின் செயலி ஒரு நேரத்தில் 32 கிலோபைட் நிரலை மட்டுமே பார்க்க முடியும் என்பதால், கேசட்டுக்குள் ஒரு சிறு மின்சுற்று சிப்பின் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று மாற்றிக்கொண்டே இருக்கும். பட்டியல் திரையில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் மின்சுற்று அந்தப் பகுதியைத் திறந்துவிடும். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்ட, அதே ஆட்டத்தை இரண்டாம் நிலையிலிருந்தோ ஐந்தாம் நிலையிலிருந்தோ தொடங்கவைத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். சிலவற்றில் படக் கட்டங்களை மட்டும் மாற்றி, வேறோர் ஆட்டத்தின் நாயகனுக்கு மாரியோவின் முகத்தை ஒட்டினார்கள். எது மூலம், எது திரிபு, எது வெறும் மறுபெயர் என்று பிரித்தறிய வழியில்லாத குவியலாக அந்தப் பட்டியல் ஆனது. இந்தக் கள்ள நகல்களால்தான் ஹட்சனின் ஆட்டங்கள் கல்லமேடு, குன்னம் போன்ற இவ்வட்டார ஊர்கள் வரை வந்து சேர்ந்தன என்பதும் உண்மை. வரும் வழியில் முகவரி உதிர்ந்துபோனது என்பதும் உண்மை.

முகவரியோடு இருக்கும் பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரு மாவட்டங்களின் நிலமே சாட்சி. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இங்கே கடல் ஏறி இறங்கியிருக்கிறது. அதன் படிவுகளை 1850களின் இறுதியில் நிலவியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்டு அளந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பிறகு மொராவியாவிலிருந்து வந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இங்கு கிடைத்த சிப்பி, சங்கு, அம்மோனைட் புதைபடிவங்களை வகைப்படுத்தி, படம் வரைந்து, 1870களின் முற்பகுதிக்குள் நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவர் செய்தது ஓடுகளை வகைபிரித்த வேலை மட்டுமல்ல. ஒவ்வொன்றும் எந்த ஊர்ப் பக்கம், எந்தப் படிவில் கிடைத்தது என்று எழுதினார். அதனால்தான் இங்குள்ள அம்மோனைட்டை ஐரோப்பாவிலும் மடகாஸ்கரிலும் கிடைத்த அம்மோனைட்டோடு ஒப்பிட்டு இரண்டு நிலத்தின் வயதையும் சேர்த்து அறிய முடிகிறது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்ட இடங்களில் அந்தப் படிவே இப்போது இல்லை, எழுத்து இருக்கிறது. ஊர் தெரியாத, படிவு தெரியாத அம்மோனைட் மேசையை அலங்கரிக்கும், அவ்வளவுதான்.

இன்னும் அழுத்தமான சான்று கல்லமேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளை நிலவியல் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் விவரித்து, ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். காலின் கீழெலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். சுமார் 7 கோடி ஆண்டு தாங்கிய அந்த எலும்புகள், தோண்டியெடுத்த பின் ஈரத்தில் உதிர்ந்து பொடியாகிவிட்டன. முதலில் ஊன் தின்னும் வகை என்று எழுதப்பட்டது பிறகு இலை தின்னும் பெருவகை என்று திருத்தப்பட்டது. அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்றுகூடச் சந்தேகித்தார்கள். பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகம் நியாயமானதே. களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022இல் வெளியான பிறகுதான் எலும்பு என்ற தரப்பு வலுத்தது. பொருள் போய்விட்டது, பதிவு மிஞ்சியதால் விவாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பதிவு இன்னும் கொஞ்சம் நிறைவாக இருந்திருந்தால் எத்தனை கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும்!

இணையத்தில்தான் எல்லா ஆட்டமும் கிடைக்கிறதே, பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். கிடைப்பது எது என்று எப்படித் தெரியும்? பாம்பர்மேன் என்ற பெயரில் உலவும் கோப்பு 1985இல் சப்போரோவிலிருந்து வந்ததா, தொண்ணூறுகளின் கள்ளக் கேசட்டில் திருத்தப்பட்டதா என்பதைத் திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி எளிது. மூலக் கேசட்டின் சிப்பை முழுவதுமாகப் படித்து, அதன் பிட்டுகளிலிருந்து ‘ஷா-1’ போன்ற கணக்கின்படி ஒரு சுருக்க எண்ணைப் பெறுகிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ‘நோ-இன்ட்ரோ’ என்ற குழு இப்படிப்பட்ட எண்களைத் தொகுத்துவைத்திருக்கிறது. கோப்பையே தராமல், உங்களிடம் உள்ளது மூலமா என்று சொல்லிவிடும் பட்டியல் அது. ஸ்டோலிச்காவின் நூலை அருகில் வைத்துக்கொண்டு கையிலுள்ள சிப்பி ஓட்டை இனங்காண்பதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை. விற்பனையை நம்பியும் பயனில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கண்டறிந்தது. ஜப்பானின் தேசிய நூலகம் இத்தகைய மின்வெளியீடுகளைச் சட்டப்படி பெறத் தொடங்கியதே 2000 அக்டோபரில்தான். ஃபேமிகாமின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. ஹட்சனின் ஆரம்பகால ஒலிநாடா ஆட்டங்கள் போன்றவற்றை, காந்தப்பூச்சு உதிர்வதற்குள் படித்துவைக்க டோக்கியோவில் 2011இல் தொடங்கிய விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் போன்ற சிறு அமைப்புகள்தான் போராடுகின்றன.

பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு ஆடியதை 7 கோடி ஆண்டு எலும்போடு ஒப்பிடலாமா என்ற கேள்வியும் எழும். ஸ்டோலிச்கா அடுக்கியவற்றில் பெரும்பாலானவை ராட்சச விலங்குகள் அல்ல. கடலடியில் கும்பலாகக் கிடந்த சாதாரணச் சிப்பிகள். ஒரு காலத்தின் இயல்பைச் சொல்வது அத்தகைய சாதாரணப் பொருள்கள்தாம். நூலகத்தின் துணையின்றி, ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ தெரியாமல், ஒரு தலைமுறை கணினி நிரலோடு முதன்முதலாகப் பழகியது இந்தக் கேசட்டுகள் வழியாகத்தான். அந்த அனுபவத்தின் மூலப்பொருள் என்ன என்று நாளை ஒருவர் ஆராய விரும்பினால் அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் புத்தகமும் இதழும் வந்து சேரும், கேசட் வராது.

மிகக் கனமான ஆட்சேபம் உரிமை பற்றியது. ஜப்பானியச் சட்டப்படி நிறுவனத்தின் படைப்புக்கு வெளியானதிலிருந்து 70 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 1985இன் ஆட்டம் 2055 வரை உரிமையாளருடையது. படைத்தவருக்குக் காசு சேராத கள்ள விற்பனையை நியாயப்படுத்த முடியாது, நியாயப்படுத்தவும் கூடாது. ஆனால் பட்டியலிடுவது நகலெடுத்து விற்பது ஆகாது. ஆட்டத்தின் பெயர், ஆண்டு, வெளியிட்டவர், அளவு, சுருக்க எண் ஆகியவை தகவல்கள். இவற்றை எழுதிவைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சொல்லப்போனால், அழிக்கப்பட்ட பெயரைத் திரும்ப எழுதுவதால் உரிமையாளருக்கு நன்மையே.

இந்த வேலையில் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. ஹட்சனின் மூலக் கேசட்டுகளை ஜப்பானியர்களே பதிந்துகொள்வார்கள். நம்மூர்ச் சந்தையில் விற்ற பன்மடங்குக் கேசட்டுகளை, அவற்றின் திரிபுகளோடு சேர்த்து, நாம் பதியாவிட்டால் வேறு யாரும் பதியமாட்டார்கள். அவற்றின் ஆயுள் ஒரே மாதிரி அல்ல. தொழிற்சாலையிலேயே அச்சு வழியாகத் தகவல் பொறிக்கப்பட்ட சிப் நீண்டகாலம் தாங்கும். மின்னூட்டமாகத் தகவலைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் ஈப்ராம், ஃபிளாஷ் வகைகளில் அந்த ஊட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்துகொண்டே போகும். நம் வெயிலில் பரணில் கிடந்தால் இன்னும் விரைவாக. பழைய கேசட் வைத்திருப்பவர் அதைத் தூக்கியெறியும் முன் மேலட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுக்கலாம். திருகைக் கழற்றி உள்ளே கருப்புப் பிசின் பொட்டு இருக்கிறதா, கால் வைத்த தனிச் சிப்பா என்று பார்த்து அதையும் படம் எடுக்கலாம். திரையில் வரும் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து, ஆட்டங்கள் திரும்ப வரத் தொடங்கும் பக்கம் வரை குறித்துவைக்கலாம். எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் வாங்கியது என்று எழுதலாம். சிப்பைப் படித்துச் சுருக்க எண் எடுக்கும் சிறு கருவிகள் மாணவர்கள் கையாளக்கூடியவை. இரு மாவட்டங்களின் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகளுக்கு இது ஒரு பருவத்துக்கான செய்முறை வேலைதான்.