கறுப்புக் கோட்டு அரக்காகத் தெரிந்தால்

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு அரக்கு நிறத்தில் தெரிந்தால், துணிக்கடைக்காரரையோ எடிட்டரையோ குறை சொல்வதற்கு முன், வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டிய என்.டி. ஃபில்டரைக் கேளுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

ஓமலூர் உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, அப்பர்ச்சர் எஃப் 2.8 என்று வைத்தால் ஏறக்குறைய 9 ஸ்டாப், அதாவது 512 மடங்கு வெளிச்சம் மிஞ்சும். அதை 512-ல் ஒரு பங்காகக் குறைக்க என்.டி. 2.7 வேண்டும். ஆனால் சாதாரண என்.டி. குறைப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்கு அப்பால் இருக்கும் அகச்சிவப்பைப் பெருமளவு அப்படியே விட்டுவிடுகிறது. சிலிக்கான் சென்சாரோ 1100 நானோமீட்டர் வரை உணரும். கேமராவுக்குள் தடுப்புக் கண்ணாடி இருந்தாலும் கொஞ்சம் கசியும். வெறும் வெயிலில் அந்தக் கசிவு தெரியாது. மற்ற ஒளியை 512 மடங்கு குறைத்தபின் அதுவே படத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-ல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் எடுத்தபோது இந்தத் தொல்லை இல்லை. சாதாரணப் படச்சுருளுக்கு அகச்சிவப்பு தெரியாது. டிஜிட்டலோடு வந்த வினை இது.

பாலியஸ்டர் கலந்த கறுப்புத் துணிதான் அதிகம் மாட்டும். கோட்டு அரக்காகவும், அதே கறுப்பில் எடுத்த பேன்ட் கறுப்பாகவும் ஒரே ஃபிரேமில் நிற்கும். மாந்தோப்பில் எடுத்தால் பச்சை இலையும் பழுப்பேறும். எடிட்டிங்கில் சிவப்பைக் குறைத்தால் முகத்தின் ரத்த ஓட்டமும் சேர்ந்து போய்விடும். திருகித் திருகி இருட்டாக்கும் வேரியபிள் என்.டி.யில் இரண்டு போலரைஸர்கள்தான் இருக்கின்றன. அகச்சிவப்பிடம் அவை ஏறக்குறைய செயலிழந்துவிடும். அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐ.ஆர். என்.டி.யைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். நாலைந்து வகைக் கறுப்புத் துணிகளை வெயிலில் விரித்து, ஃபில்டர் இல்லாமல் ஒன்றும், ஃபில்டரோடு அப்பர்ச்சரைத் திறந்து ஒன்றும் எடுத்துப் பாருங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தியே இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, கட்டாயம் சொல்லியாக வேண்டியது. கிரகணத்தையோ சூரியனையோ எந்த என்.டி. ஃபில்டர் வழியாகவும் கண்ணால் பார்க்கவே கூடாது. கண் கூசாது, அதுதான் ஆபத்து. அகச்சிவப்பு விழித்திரை வரை போகும், விழித்திரைக்கு வலியும் தெரியாது. பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

ஐ.ஆர். என்.டி. என்று சொல்லிச் சாதாரணக் கண்ணாடியை விற்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் வாதாடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது சட்டம். ஆன்லைனில் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஓமலூர்க்காரருக்குச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வீடியோ எடுக்கக் கொடுத்த குடும்பத்தாருக்கும் சேவைக் குறைபாடு என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்கு ஒப்பந்தத்தாளும் பணம் கொடுத்த ரசீதும், எடிட் செய்யாத மூலக் காட்சியும் கையில் வேண்டும். எனவே ஹார்டு டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால், பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் ஆணையத்தில் மனுவைப் போட்டுவிட வேண்டும்.